மாக்னம் தோட்டாவின் வரலாறு

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பலர். தோட்டாவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. துப்பாக்கியின் மெருகும் பிடியும் நீண்ட குழலும் பார்ப்போர் கருத்தைக் கவர்கின்றன. தோட்டாவோ சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டு. எனினும் துப்பாக்கியின் வலிமை முழுவதும் அத்துண்டினுள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது. குழலும் உருளையும் குதிரையும் அவ்வலிமையை எழுப்பி நெறிப்படுத்தும் துணைக் கருவிகளே ஆகும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பொருளில் நாட்டம் உண்டானது ஒரு சொல்லால். சில ஆண்டுகளுக்கு முன் ஆயுத உரிமங்களைப் பற்றிய தாள் ஒன்றைத் தமிழாக்கும்போது ‘மாக்னம்’ என்னும் சொல் எதிர்ப்பட்டது. அது துப்பாக்கியின் பெயரா, குண்டின் பெயரா, செய்த கம்பெனியின் பெயரா என்று துணியக் கூடவில்லை. அகராதியைப் புரட்டினோம்; லத்தீன் மொழியில் ‘பெரியது’ என்று பொருள் கண்டிருந்தது. அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு ‘பெருந்தோட்டா’ என்று எழுதினோம். அச்சேறுமுன் அது பிழை என்று தெரிந்தது. ஏனெனில் மாக்னத்தைக் காட்டிலும் பருத்த தோட்டாக்கள் பல உண்டு. அவற்றை எவரும் மாக்னம் என்று அழைப்பதில்லை. அப்படியாயின் மாக்னம் எதில் பெரியது? இவ்வினாவுக்கு விடை தேடியபோது நாம் அறிந்தவற்றையே இப்பேச்சில் கூற எண்ணுகிறோம்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு: வெளியே பித்தளைக் கூடு, கூட்டின் அடியில், குதிரை தட்டியதும் பொறி எழுப்பும் சிறு கேப்பு, நடுவே வெடிமருந்து, தலையில் ஈயக் குண்டு. குழலை விட்டு வெளியே பாய்வது குண்டு மட்டுமே. வெற்றுக் கூடு பின்னே தங்கிவிடும். வடநாட்டில் வாழும் நம் நேயர்கள் ‘கார்தூஸ்’ என்றும் ‘கோலி’ என்றும் கேட்டிருப்பார்கள். முன்னது முழுத் தோட்டாவையும், பின்னது குண்டையும் குறிக்கும். தோட்டாக்கள் செருகிய உருளை, ஒவ்வொரு முறை சுடும்போதும் ஓர் அறை திரும்பிக் குழலுக்கு நேரே வந்து நிற்குமாறு அமைந்த கைத்துப்பாக்கியே ரிவால்வர். நாம் சொல்லப்போகும் .357 மாக்னம் இத்தகைய ரிவால்வருக்கென்றே பிறந்த தோட்டா.

அதன் முன்னோர் வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படையில் தொடங்குகிறது. 1892-ஆம் ஆண்டில் அப்படை தன் பழைய .45 ரிவால்வரைக் கைவிட்டு, இலகுவான .38 ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ வீரர்களோடு போர் மூண்டது. குண்டுகள் பல பாய்ந்த பின்னரும் மோரோ வீரர்கள் வாளோடு முன்னேறி வந்து வெட்டினார்கள் என்று களத்திலிருந்து முறையீடுகள் வந்தன. 1904-ஆம் ஆண்டில் தாம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிக்காகோ நகரின் கசாப்புத் தொழுவங்களில் மாடுகளைச் சுட்டுச் சோதித்தார்கள்; மனிதச் சடலங்களிலும் சோதனை நடந்தது. .45-க்குக் குறைந்த விட்டமுள்ள குண்டு படைக்குப் போதாது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1911-ஆம் ஆண்டில் படைக்கு வந்த .45 பிஸ்டல் அம்முடிவின் வழியே பிறந்தது. ‘வந்தவனைத் தடுத்து நிறுத்தியதா?’ என்னும் கேள்வி கைத்துப்பாக்கித் தோட்டாவின் வரலாற்றில் அன்று முதல் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

படை .38-ஐக் கைவிட்டாலும் போலீஸார் கைவிடவில்லை. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் பழைய .38 தோட்டாவின் கூட்டைச் சற்று நீட்டி, மருந்தையும் குண்டின் எடையையும் கூட்டி, .38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவை 1899-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டார்கள். அதிர்ச்சி குறைவு, குறி தவறாமை மிகுதி. அமெரிக்க நகரக் காவலர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் இருந்தது இத்தோட்டாவே.

ஈண்டு எண்களில் உள்ள ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். .38 என்பது ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி அதில் 38 கூறு என்று பொருள்படும். ஆனால் அவ்வளவு கூட்டின் வெளிவிட்டத்தை ஒட்டியது. குண்டின் விட்டம் ஆயிரத்தில் 357 பங்கே. ஆகவே .38 ஸ்பெஷலும் .357 மாக்னமும் குண்டின் பருமனில் ஒன்றேதான். பருமனில் மாக்னம் பெரியதன்று என்பது இதனால் விளங்கும்.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கள்ளச் சாராயத்தால் செல்வம் திரட்டிய கும்பல்கள் விரைவான மோட்டார் வண்டிகளில் ஓடின. துரத்திச் சென்ற காவலரின் .38 குண்டுகள் வண்டியின் எஃகுத் தகட்டில் பட்டுச் சோர்ந்து விழுந்தன. வலிய தோட்டா வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1929-ஆம் ஆண்டில் கோல்ட் கம்பெனியார் .38 சூப்பர் என்னும் விரைந்த தோட்டாவைத் தம் பிஸ்டலுக்கெனக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் .44 ரிவால்வருக்குரிய கனத்த உடலில் .38 உருளையைப் பொருத்தினார்கள், மருந்து மிகுத்த.38 தோட்டா அதற்கென உருவாயிற்று.

இதில் ஓர் இடர் மறைந்திருந்தது. மருந்து மிகுத்த தோட்டாவும் சாதாரணத் தோட்டாவும் நீளத்தில் ஒன்றாகவே இருந்தன. கனத்த துப்பாக்கிக்கென்று வாங்கியதை ஒருவன் தன் பழைய மெல்லிய .38 ரிவால்வரில் இட்டுவிட்டால் தடுப்பார் இல்லை. உருளை பிளந்து, சுட்டவன் கையே சிதையக்கூடும்.

1933-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கான்ஸஸ் நகர ரயில் நிலையத்தில், கைதி ஒருவனை அழைத்துச் சென்ற அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் 1934-ஆம் ஆண்டில் மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் துப்பாக்கி தாங்கவும் கைது செய்யவும் அமெரிக்கக் காங்கிரஸ் அதிகாரம் வழங்கியது. இச்சூழ்நிலையில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸனும், தோட்டாக்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிவந்த பிலிப் ஷார்ப் என்பவரும், வின்செஸ்டர் தோட்டாத் தொழிற்சாலையாரும் கூடிப் புதிய தோட்டாவை வகுத்தார்கள். மேலே கூறிய இடருக்கு அவர்கள் கண்ட பரிகாரம் மிக எளியது. கூட்டை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சற்று மிகுதியாக நீட்டிவிட்டார்கள். நீண்ட கூடு பழைய .38 உருளையினுள் முழுதும் நுழையாது. நுழையாதபோது உருளை மூடாது. மூடாத துப்பாக்கி சுடாது. அறியாமையால் ஒருவன் கெடுவதை எச்சரிக்கைச் சீட்டின்றி, உருவ அமைப்பாலேயே அது தடுத்துவிட்டது. கூடு நீண்டதன் நோக்கம் மருந்துக்கு இடம் தேடுவது என்று பலரும் எண்ணுவர். முதன்மையான நோக்கம் இந்தக் காவலே ஆகும்.

புதிய தோட்டா 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘மாக்னம்’ என்பது ஒயின் விற்பவர்களின் சொல். சாதாரணப் புட்டியைப்போல் இரு மடங்கு கொள்ளும் ஒன்றரை லிட்டர்ப் புட்டிக்கு அப்பெயர். ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்மியர்கள் மருந்து மிகுந்த ரைஃபிள் தோட்டாக்களுக்கு அப்பெயரை முன்னரே வழங்கியிருந்தார்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது சூட்டப்பெற்றது இதுவே முதல்முறை எனலாம். பெரியது புட்டியின் வாயன்று, அது கொள்ளும் அளவு என்பதை நினைவிற்கொண்டால் நம் மொழிபெயர்ப்பு எங்கே வழுக்கியது என்பது புலப்படும்.

அளவைச் சிறிது காண்போம். சாதாரண .38 ஸ்பெஷல் குண்டு சுமார் 10 கிராம் எடையுள்ளது. அக்கால நீண்ட குழலிலிருந்து அது விநாடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர் வேகத்தில் பாயும். அதே எடையுள்ள மாக்னம் குண்டு, எட்டே முக்கால் அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு 460 மீட்டர் வேகத்தில் பாய்வதாக 1935-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். வேகம் இரட்டித்தால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. இங்கே வேகம் இரு மடங்கை நெருங்கியதால் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாயிற்று. காவலர் அணியும் நான்கு அங்குலக் குழலில் இவ்வேகம் 375 மீட்டரை ஒட்டிக் குறைந்துவிடும். அப்பொழுதும் அது ஒலியின் வேகத்தை விஞ்சியதே. கூட்டினுள் எழும் அழுத்தத்துக்கு இன்று வகுத்துள்ள உச்ச வரம்பு .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மாக்னத்துக்கு 35,000 பவுண்டு. மாக்னம் பெரியது அழுத்தத்திலும் வேகத்திலுமே.

முதல் ரிவால்வர் 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்தியப் புலனாய்வு நிலையத்தின் தலைவர் எட்கார் ஹூவருக்கு வழங்கப்பெற்றது. அவ்வகை ரிவால்வர்கள் கேட்பவர் விருப்பப்படி ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டு, உடையவர் பெயரைப் பதிவு செய்து சான்றிதழோடு அனுப்பப்பட்டன. விலை 60 டாலர். பொருளாதார மந்த காலத்தில் அது பெருந்தொகை. ஆயினும் 1939-க்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்றன. பிற்காலத்தில் படைத்தலைவராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் பாட்டன் தந்தப் பிடி போட்ட ஒன்றை வைத்திருந்தார். டக்ளஸ் வெஸ்ஸன் தாமே அதனை ஏந்திக் காட்டுக்குச் சென்று பெரிய மான் இனங்களை வேட்டையாடிக் காட்டினார். உலகில் விற்பனைக்குள்ள கைத்துப்பாக்கிகளில் ஆற்றல் மிக்கது இதுவே என்ற விளம்பரம் எழுந்தது; இருபது ஆண்டுகள் அப்பெருமை நிலைத்தது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் ஐடஹோ மாநிலத்துக் கால்நடைப் பண்ணையாளர் எல்மர் கீத் என்பவரின் இடைவிடாத தூண்டுதலால் .44 மாக்னம் பிறந்து அதனைக் கைப்பற்றிக்கொண்டது.

இனி இத்தோட்டாவின் நலன்களைக் கூறுவோம். முதலாவது, கூட்டின் நீளத்தால் அமைந்த காவல். இரண்டாவது, அதே நீளத்தால் விளைந்த மற்றொரு நன்மை: மாக்னம் தோட்டா .38 ரிவால்வரில் நுழையாது; .38 தோட்டாவோ மாக்னம் ரிவால்வரில் இடையூறின்றி நுழைந்து சுடும். விலை குறைந்த, அதிர்ச்சி குறைந்த தோட்டாவால் பயின்று, தேவையானபோது வலிய தோட்டாவை இட்டுக்கொள்ள ஒரே துப்பாக்கி போதும். மூன்றாவது, வேகத்தின் காரணமாகக் குண்டு தாழாமல் நெடுந்தொலைவு நேரே செல்கிறது. நான்காவது, அதே தோட்டாவை நீண்ட குழலுள்ள இலகு ரைஃபிளிலும் இடலாம். அங்கே அதன் வேகம் மேலும் ஏறுகிறது. நடுத்தர மான்களை அருகிலிருந்து வேட்டையாட அது போதுமானது.

குறைகளையும் மறைத்தலாகாது. மாக்னத்தின் ஒலி செவியைத் துளைக்கும். இரவில் அதன் சுடர் கண்ணைக் கூசச் செய்யும். பின்னடி மணிக்கட்டை உலுக்கும். தொடக்க காலத்து ஈயக் குண்டுகள் அவ்வேகத்தைத் தாங்காமல் குழலினுள் ஈயத்தைப் பூசிச் சென்றன. 1955-ஆம் ஆண்டில் எல்லைக் காவலர் பில் ஜோர்டன் என்பவரின் ஆலோசனைப்படி, நாள் முழுதும் இடுப்பில் தாங்கத்தக்க இலகுவான மாக்னம் ரிவால்வர் ஒன்று வந்தது. .38-ஐ மிகுதியாகவும் மாக்னத்தை அருகியும் சுடுவார்கள் என்று கருதிச் செய்த கருவி அது. பின்னர் இலகு குண்டுள்ள விரைந்த தோட்டாக்களை இடைவிடாமல் சுட்டபோது குழலின் அடிப்பகுதியில் சிலவற்றில் விரிசல் கண்டது. 1980-ஐ ஒட்டி உடல் தடித்த புதிய வகையைக் கம்பெனியார் செய்ய நேர்ந்தது. வலிமையைக் கூட்டும்தோறும் அதைத் தாங்கும் உலோகத்தையும் கூட்ட வேண்டியதாயிற்று.

இரும்பைக் கூட்டிவிடலாம், கையை எவ்வாறு கூட்டுவது? இதற்குச் சான்றாக நிற்கிறது நியூஹால் துயரம். 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே உள்ள அவ்வூரில், கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவலர் ஒரு வண்டியை நிறுத்திச் சோதிக்க முற்பட்டனர். அவ்வண்டியில் இருந்தவர்கள் இருவர். ஐந்து நிமிஷங்களுக்குள் காவலர் நால்வர் மாண்டனர். நால்வரும் இருபத்தைந்து வயதை எட்டாதவர்கள். நால்வருக்குமாக ஏழு குழந்தைகள். காவலர் சிலரின் உருளையில் இருந்தது மாக்னம். ஆனால் பயிற்சிக் களத்தில் அவர்கள் சுட்டுப் பழகியது வலி குறைந்த .38. இருளும் அச்சமும் சூழ்ந்த அந்த வேளையில், பழகாத பின்னடியும் பழகாத சுடரும் அவர்கள் கைக்குப் புதியனவாய் இருந்தன.

துணையாக அமைந்த இரண்டாம் நலனே இங்கு இடராய் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எளிய தோட்டாவால் பயிலலாம் என்ற வசதி, எளிய தோட்டாவால் மட்டுமே பயிலும் பழக்கமாகிவிட்டது. அதன்பின் அக்காவல் துறையார் பயிற்சித் தோட்டாவும் கடமைத் தோட்டாவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தார்கள். ஆறு தோட்டாக்களையும் ஒருசேர உருளையில் இடும் கருவியையும் ஏற்றார்கள். நால்வர் உயிர் கொடுத்து வாங்கிய பாடம் அது.

வேகத்தால் மட்டும் நிறைவுறாத காவலர்கள், உடலில் பட்டதும் முனை விரியும் குண்டை நாடினார்கள். 1970-களிலும் 1980-களிலும் 8 கிராம் எடையுள்ள, முனையில் குழிவுடைய மாக்னம் குண்டு அமெரிக்கப் போலீஸாரிடையே பெருமதிப்புப் பெற்றது. இவ்வகைக் குண்டின் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் விமான நிலையம் செல்லும்போது டம்டம் என்னும் பெயரை வாயால் சொல்லிவருகிறார்கள். அங்கிருந்த ஆங்கிலேயர் படைக்கலச் சாலையில்தான் 1890-களின் பிற்பகுதியில், முனையில் ஈயம் வெளித்தெரியும் .303 ரைஃபிள் குண்டு செய்யப்பட்டது. உலகெங்கும் ‘டம்டம் குண்டு’ என்ற பெயர் அதனால் பரவியது. அது விளைத்த புண்ணின் கொடுமையைக் கண்டு, 1899-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிய நாடுகள் விரியும் குண்டைப் போரில் வழங்கலாகாது என்று பிரகடனம் செய்தன. அத்தடை போருக்கே உரியது; உள்நாட்டுக் காவல் அதற்கு உட்பட்டதன்று. உடலைத் துளைத்து அப்பால் நிற்பவரையும் குண்டு காயப்படுத்தாது என்பது காவலர் கூறும் காரணம். காரணத்தில் உண்மை உண்டு. ஆயினும் போர்க்களத்துப் பகைவனுக்கு மறுக்கப்பட்ட ஒன்று நகரத் தெருவில் அனுமதிக்கப்படுவதை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

மாக்னம் ரிவால்வரின் போலீஸ் வாழ்வு முடிவுக்கு வரக் காரணமான நாள் 1986 ஏப்ரல் 11. மயாமி நகரில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு புலனாய்வு அதிகாரிகள் எண்மர் போரிட்டார்கள். அதிகாரிகளில் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கையில் பெருங்காயம்பட்ட ஓர் அதிகாரி தம் ரிவால்வரால் இறுதியாகச் சுட்டு அப்போரை முடித்தார். அது .357 மாக்னம் ரிவால்வர். அதில் அவர் இட்டிருந்தவை.38 ஸ்பெஷல் தோட்டாக்கள்! எனினும் ஆறே தோட்டா கொள்ளும் ரிவால்வர் இனிப் போதாது என்று துறை முடிவு செய்தது. மற்றக் காவல் துறைகளும் பதினைந்தை ஒட்டிய தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டலுக்கு மாறின. புலனாய்வு நிலையம் 10 மில்லிமீட்டர், .40 என்று வலிய தோட்டாக்களைச் சோதித்து, 2015-ஐ ஒட்டி 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. அந்த 9 மில்லிமீட்டர் 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தது. மாக்னத்துக்கு 33 ஆண்டு மூத்தது. ஆற்றலில் அதற்கு இளைத்தது. கைத்துப்பாக்கியில் தோட்டாவின் வகையைவிடக் குண்டு படும் இடமும் அது உட்செல்லும் ஆழமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கூறிய காரணம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. உரிமம் பெற்றோர் பலர் வாங்குவது கான்பூர்த் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். அதன் தோட்டாவும் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1896-ஆம் ஆண்டில் வகுத்ததே. மாக்னத்தின் கதை அவ்வுரிமக்காரருக்கும் உரியது. தம் .32 போதுமா என்று கேட்பவர், அதனைக் கடைசியாகக் குறிபார்த்துப் பழகியது எப்போது என்று தம்மைத் தாமே முதலில் கேட்டுக்கொள்ளலாம்; வீட்டில் அது பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்கிறதா என்றும் கேட்கலாம்.

அன்று நாம் ‘பெருந்தோட்டா’ என்பதை அடித்துவிட்டு ‘மாக்னம்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினோம். அச்சொல்லுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருப்பது பின்னர்த் தெரிந்தது. அவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி ஹூவருக்குச் சென்ற ரிவால்வரோ, 460 மீட்டர் வேகமோ அன்று. வலிமையைப் பெருக்க முனைந்தவர்கள் அதே நாளில், அவ்வலிமை தாங்காத துப்பாக்கிக்குள் அது நுழையலாகாது என்று கூட்டைச் சிறிது நீட்டினார்களே, அந்த நீளமே நம் நினைவில் நிற்கிறது. பெயர் தெரியாத எத்தனையோ பேரின் கைகளை அது காத்திருக்கிறது.